தடுப்பூசி முகாம்: மலைக்கிராமத்திலா, ஆரம்ப சுகாதார நிலையத்திலா?

மலையடிவாரம்:
2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வரச் சொன்னது. தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் 2005-06ல் 80.9 சதவீதம், 2015-16ல் 69.7. 2019-21ல் 89.2க்கு ஏறியது, மகிழ்ச்சி. ஆனால் அது மாநில சராசரி. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர் மலைக் குக்கிராமங்களும், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் ஒடிசா குடும்பங்களும் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள். ஒரு பிள்ளைக்கு 6, 10, 14 வாரம், பிறகு 9 மாதம் என்று முதல் வயதிலேயே நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துச் செலவு வேறு. அவர்கள் இருக்கும் இடத்துக்கே ஊசி போக வேண்டும் என்பது என் கட்சி.

மருந்தாளர்_கிருஷ்ணகிரி:
உங்கள் அக்கறை புரிகிறது சார், முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 69.7க்கு அந்த ஒரு உத்தரவு மட்டுமே காரணம் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, பத்து வருடத்தில் எத்தனையோ மாறியிருக்கும். ஊசியில் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2014ல் சிரியாவின் இத்லிப்பில் பொடியாக வரும் தட்டம்மை மருந்தைக் கலக்கும் நீர்மத்துக்குப் பதில் அட்ராகுரியம் என்ற தசைத்தளர்த்தி மருந்தைக் கலந்து 15 குழந்தைகள் இறந்தன. 2017ல் தெற்கு சூடானில் ஒரே கலக்கும் சிரிஞ்சை நாலு நாள் பயன்படுத்தினார்கள், மருந்தும் குளிரில் இல்லை. அங்கேயும் 15 குழந்தைகள். மேற்பார்வை இல்லாத முகாமில் இதுதான் அபாயம். நிலையத்தில் ஐ.எல்.ஆர் குளிர்பெட்டி உண்டு, மருத்துவர் உண்டு, ஆக்சிஜன் உண்டு.

வி.எச்.என்_அக்கா:
தம்பி, கிராம சுகாதாரச் செவிலியராகச் சொல்கிறேன், நீங்கள் சொன்ன இரண்டையும் இன்னொரு தரம் யோசியுங்கள். தசைத்தளர்த்தி மருந்து எங்கே இருக்கும்? அறுவை அரங்கு உள்ள இடத்தில். குக்கிராமத்துக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டியான வேக்சின் கேரியரில் அது ஏற வழியே இல்லை, கேரியரில் தடுப்பூசியும் அதன் நீர்மமும் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. தெற்கு சூடானில் கெட்டது முறை. எம்.ஆர் (தட்டம்மை, ருபெல்லா) குப்பிக்கு ஒரு புது 5 மில்லி சிரிஞ்ச், ஒரு குப்பி முடிந்ததும் அதை வீசிவிட வேண்டும். இதை மருத்துவர் இருக்கும் கட்டடத்தில் மீறினாலும் பிள்ளை சாகும்.

மலையில் உண்மையில் கெடுவது வேறு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பென்டா (ஐந்து நோய்க்கான ஊசி), ஐ.பி.வி (போலியோ ஊசி), பி.சி.வி (நிமோனியா ஊசி), டி.டி (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி) எல்லாம் உறைந்தால் செத்துவிடும். குப்பியின் மேல் வெப்பத்தைக் காட்டும் வி.வி.எம் குறி உறைந்ததைக் காட்டாது, அதனால் யாருக்கும் தெரியாது. பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். அறை வெப்பத்தைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி ஆகும். காலை 7 மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தால் இந்த அரை மணிதான் முதலில் பறிபோகிறது. நீர்மத்தையும் முந்தைய நாளே ஐ.எல்.ஆரில் வைத்துக் குளிர்விக்க வேண்டும். சூடான நீர்மம் எம்.ஆரைக் கலக்கும்போதே கொன்றுவிடும்.

மருந்தாளர்_கிருஷ்ணகிரி:
சரி அக்கா, மருந்துக் கலப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு என்ன பதில்? கடைசி ஊசி போட்ட பத்தாவது நிமிடம் பிள்ளை துவண்டால், வளைவுச் சாலையில் 108 எப்போது வரும்?

வி.எச்.என்_அக்கா:
அட்ரினலின் 1:1000, கிலோவுக்கு 0.01 மில்லி, தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில். தடுப்பூசி போடாத தொடை இருந்தால் அதில் போட வேண்டும். முதல் தவணையைச் செவிலியரே போடலாம் என்று விதியில் இருக்கிறது, மருத்துவருக்காகக் காத்திருந்தால்தான் பிள்ளை போகும். 5 கிலோ பிள்ளைக்கு 0.05 மில்லி. 2 மில்லி சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது, 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 2 யூனிட். பெட்டியில் அந்தச் சிரிஞ்ச் இருக்கிறதா, ஆம்பூல் காலாவதியாகவில்லையா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஆனால் 108 பற்றி நீங்கள் கேட்டது நியாயம். வண்டி ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பக் கூடாது, கடைசிப் பிள்ளைக்கு 30 நிமிடம் முடியும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.

கையிருப்புக்_கணக்கு:
நீங்கள் யாரும் தொடாத ஒன்று. எம்.ஆர் குப்பியில் 5 டோஸ், கலந்தால் 4 மணி நேரம் அல்லது முகாம் முடியும் வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். குக்கிராமத்தில் 2 பிள்ளைகள் என்றால் 3 டோஸ் குப்பைக்கு. அடுத்த ஊருக்குத் தூக்கிப் போகவும் கூடாது. பென்டா என்றால் திறந்த தேதியை எழுதி, உறையாமல், மூடி நீரில் மூழ்காமல், வி.வி.எம் சரியாகத் திரும்பினால் 28 நாள் வரை எடுக்கலாம். எம்.ஆருக்கும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜிக்கும் அந்தச் சலுகை கிடையாது. வீணான டோஸுக்கு விளக்கம் கேட்பார்களே என்று "அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்கம்மா" என்பதுதான் நடக்கிறது.

மலையடிவாரம்:
அதனால்தான் ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. 3 டோஸ் போனால் போகட்டும். 9 மாதத்தில் விட்ட பிள்ளை அடுத்த மாதம் சூளையோடு சேர்ந்து வேறு மாவட்டத்தில் இருக்கும். கணக்கு கேட்பவர்கள் மலை முகாமின் விரயத்தைத் தனிப் பத்தியில் போடட்டும், சமவெளி முகாமோடு ஒப்பிட வேண்டாம்.

புதியவன்_வேலூர்:
ஐயா, ஒரு சந்தேகம். வண்டி எப்படியும் மேலே போகிறது. திரும்பும்போது காசநோய்ச் சோதனைக்கான சளி மாதிரியையும் அதே பெட்டியில் கொண்டுவரலாமா?

வி.எச்.என்_அக்கா:
அதே வண்டியில் கொண்டுவரலாம் தம்பி, அதே பெட்டியில் கூடவே கூடாது. மாதிரிக்குத் தனிக் குளிர்பெட்டி, இறுக மூடிய குழாய், மூன்று அடுக்கு உறை, ஒவ்வொரு குழாயிலும் பெயரும் தேதியும். கொண்டுவந்த அன்றே ட்ரூநாட் என்ற காசநோய்ச் சோதனைக் கருவி இருக்கும் இடத்தில் சேர வேண்டும். ட்ரூநாட் பேட்டரியிலும் ஓடும், அதையே மேலே ஏற்றினால் இன்னும் நல்லது.

மருந்தாளர்_கிருஷ்ணகிரி:
வண்டி காத்திருக்கும், அட்ரினலின் பெட்டி சரிபார்க்கப்படும், ஐஸ் பேக்குக்கு அரை மணி விடப்படும் என்று எழுத்தில் இருந்தால் மலைக்கிராம முகாமை நான் எதிர்க்க மாட்டேன். பி.சி.ஜி மட்டும் நிலையத்திலேயே இருக்கட்டும். பிரசவம் அங்கேதான் நடக்கிறது, வீட்டுக்கு அனுப்பும் முன் போட்டுவிடலாம்.

மலையடிவாரம்:
வீட்டிலேயே பிறக்கிற பிள்ளைகளும் மலையில் உண்டு சார், அவர்களுக்கு பி.சி.ஜியும் மேலே போகத்தான் வேண்டும். சூளைப் பிள்ளைகளோ எந்தக் கிராமப் பட்டியலிலும் கிடையாது. சீசன் தொடங்கியதும் சூளைக்குச் சூளை தலை எண்ணி, முதல் பென்டாவே போடாத பிள்ளைகளைத் தனியாக எழுதினால்தான் எத்தனை குப்பி ஏற்றுவது என்றே தெரியும். அந்தப் பட்டியல் இல்லாமல் வண்டி மட்டும் போனால், கையில் அட்டை வைத்திருப்பவர்களுக்கே திரும்பவும் ஊசி போட்டுவிட்டு வரும்.