கோபர் – மனாமா: பாலத்தின் நடுவில் உங்களுக்கு என்ன நடந்தது?

பழைய கோபர்வாசி

பாலத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, இங்கே பாதிப் பேர் அதில் போய் வந்தவர்கள்தான். சவூதியின் கோபரிலிருந்து கடல் மேலே பஹ்ரைனுக்கு 25 கிலோமீட்டர், நடுவில் தீவு, முதலில் சவூதி முத்திரை, நாலு அடி தள்ளி பஹ்ரைன் முத்திரை. நான் சொல்ல வந்தது அந்த நாலு அடியில் நடந்தது.

2013 ஜனவரி, பொங்கல் வாரம். அப்போது எங்களுக்கு வியாழன், வெள்ளிதான் லீவு. சவூதியில் தியேட்டரே கிடையாது, தமிழ்ப் படம் பார்க்கணும்னா பாலம் ஏறியே ஆகணும். புதன்கிழமை டியூட்டி முடிந்து ஐந்து பேர் ஒரு காரில் கிளம்பினோம். நாலு பேர் பலமுறை போனவர்கள். ஐந்தாவது, எங்கள் ரூமுக்கு வந்து எட்டு மாதமே ஆன பையன். திருவாடானைப் பக்கம். ரீ-என்ட்ரிக்கு, அதாவது சவூதியை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதிக்கு, 200 ரியால் கட்டியிருந்தான், அவன் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. ரியாத் பத்தா கடைத்தெருவிலிருந்து வாங்கின புதுச் சட்டையை, குத்தியிருந்த குண்டூசி கூட எடுக்காமல், பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருந்தான். "வண்டியில கசங்கிடும்ணே, தியேட்டர்ல போய் மாத்திக்கிறேன்" என்றான்.

சவூதி கவுண்டரில் ஐந்து பாஸ்போர்ட்டிலும் முத்திரை விழுந்தது. அடுத்த கவுண்டரில் நாலில் மட்டும். அவன் இக்காமாவில் (சவூதியில் தங்கி வேலை பார்ப்பதற்கான கார்டு) வேலை 'ஆமில்', அதாவது கூலியாள், என்று இருந்தது. அந்த வேலைக்கு விசா கொடுப்பதில்லை என்று உள்ளே இருந்தவர் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். வண்டியை ஓரமாக நிறுத்தினோம்.

திரும்பிப் போவதா, மேலே போவதா? யாரும் வாய் திறக்கவில்லை. டிக்கெட் எடுத்தாச்சு, டோல் 20 ரியால் கட்டியாச்சு. தம்மாம் திரும்பும் ஒரு மலையாளி வேன்காரரிடம் பேசி அவனை ஏற்றிவிட்டோம். ஏறும்போது அவன்தான் எங்களுக்குச் சமாதானம் சொன்னான்: "நீங்க போங்கண்ணே. படம் எப்படின்னு வந்து சொல்லுங்க."

நாங்கள் போனோம். அந்தப் படத்தின் கதை எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. வேன் ஜன்னலோரம், அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த மாதிரி ஏதாவது உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் சிஸ்டர்

படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, அதனால் என்னுடையதும்.

தம்மாமில் நர்ஸாக இருந்தபோது வருஷத்தில் ஒரே தடவை, கிறிஸ்துமஸ் சமயத்தில், மனாமாவில் இருக்கும் திரு இருதய ஆலயத்துக்குப் போவோம். 1939இல் பஹ்ரைனின் அப்போதைய ஆட்சியாளர் கொடுத்த இடத்தில் கட்ட ஆரம்பித்த கோயில் அது. பஸ்ஸில்தான் போவோம். தீவில் பஹ்ரைன் கவுண்டரைத் தாண்டி பஸ் நகர்ந்ததும் ஒரே சமயத்தில் எல்லாரும் அபாயாவை, மேலே போடும் அந்தக் கறுப்பு அங்கியை, கழற்றி மடிப்பார்கள். அந்தத் துணிச் சத்தத்தைத்தான் மறக்க முடியவில்லை. யாரும் பேசமாட்டோம், துணி மடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அம்மா கொடுத்த சிலுவைச் செயினை பவுடர் டப்பாவில் புதைத்து வைத்திருப்பேன். அங்கேதான் எடுத்துப் போடுவேன். செயினில் ஒட்டியிருக்கும் பவுடரை முந்தானையில் துடைத்துவிட்டுப் போடுவேன். திரும்பி வரும்போது ஒரு வருஷம் அதைக் கழற்ற மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கோட்டயத்துச் சேச்சி என் கழுத்துப்பக்கம் கைவிட்டு அபாயா காலரை இழுத்து மூடிவிட்டார். கவுண்டர் தாண்டும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. அடுத்த மாதமே அவர் ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போய்விட்டார். ஒரு நன்றி சொல்லவில்லை நான்.

கணக்கர், ராக்கா

பழைய கோபர்வாசி அண்ணனுக்கு: வருத்தம் புரிகிறது, ஆனால் இது தவிர்த்திருக்கக்கூடிய விஷயம். கிளம்பும் முன் ஐந்து இக்காமாவையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பையனுக்கு 200 ரியால் போயிருக்காது. ஒருதடவை ரீ-என்ட்ரி, எக்ஸிட் அடித்த நிமிஷமே செலவாகிவிட்டது. அந்தப் பக்கம் கால் வைத்தானா இல்லையா என்பது கணக்கில் வராது.

என் அனுபவம் ஒன்றுதான். நண்பனின் வண்டியில் போய் தீவிலிருந்து திரும்பி வந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால், தவணை வண்டியாகவோ கம்பெனி வண்டியாகவோ இருந்தால், நாட்டுக்கு வெளியே ஓட்ட தஃப்வீத் (வண்டிக்குச் சொந்தக்காரர் கொடுக்கும் அதிகாரப்பூர்வ அனுமதி) வேண்டும். முதலாளி வாயால் சொன்னது செல்லாது. சவூதி இன்சூரன்ஸ் பஹ்ரைனில் பேசுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாலத்திலேயே வாங்கலாம். டிராஃபிக் ஃபைன் பாக்கி இருந்தால் ரீ-என்ட்ரியே போட முடியாது, அதை முந்தின நாள் இரவு கண்டுபிடிக்காதீர்கள். ரீ-என்ட்ரி ஒருதடவைக்கு இரண்டு மாதம் 200 ரியால், மேலே ஒவ்வொரு மாதத்துக்கும் 100. பலதடவைக்கு மூன்று மாதம் 500, மேலே மாதத்துக்கு 200. மூன்று மாதத்தில் மூன்று தடவை போவதாக இருந்தால் பலதடவைதான் லாபம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பஹ்ரைன் விசாவை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கிடைக்காது என்றால் அது வீட்டிலேயே தெரிந்துவிடும், தீவுவரை போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். சில்லறைக்குக் கவலை வேண்டாம், அங்கே கடைகளில் 10 ரியாலை ஒரு தினாராக எடுத்துக்கொள்வார்கள். இப்போது வெள்ளி, சனி லீவு என்பதால் வியாழன் சாயங்காலம் பாலம் ஏறவே ஏறாதீர்கள், சனி இரவு திரும்பாதீர்கள். வெள்ளி விடிகாலை போங்கள்.

ஜுபைல்காரன்

கணக்கர் அண்ணே, உங்கள் கணக்கெல்லாம் சரி. 'இக்காமாவைப் புரட்டிப் பார்த்திருந்தால்' என்பதுதான் சரியில்லை.

நான் எலக்ட்ரீஷியன். ஐடிஐ முடித்து, ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்து, டிரேட் டெஸ்ட் பாஸ் பண்ணி வந்தவன். என் இக்காமாவிலும் ஆமில்தான். ஏன்? அந்தக் கம்பெனியிடம் அப்போது இருந்தது ஆமில் விசாதான். ஏஜென்ட் அதில் ஏற்றி அனுப்பினார். மும்பையில் முத்திரை குத்தி வரும்போது எனக்கு அரபியும் தெரியாது, என் பாஸ்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியாது. மூன்று வருஷம் பேனல் போர்டில் கைவைத்தவன் நான். கார்டில் கூலி ஆள்.

பாலத்தில்தான் அதைத் தெரிந்துகொண்டேன். எனக்கு விசா இல்லை என்றதும் ஏன் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் வயசானவர். கார்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் காட்டினார். அய்ன், அலிஃப், மீம், லாம். நாலே எழுத்து. அன்றைக்குத்தான் அரபியில் முதல் வார்த்தை படித்தேன். அப்புறம் வேலைப் பெயரை மாற்ற ஒன்றரை வருஷம் ஆபீஸுக்கு நடந்தேன். எனக்குப் படம் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை, கார்டில் எலக்ட்ரீஷியன் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாறிய பிறகு ஒரே ஒரு தடவை மனாமா போனேன். கடைவீதி முகப்பில் இருக்கும் பாப் அல் பஹ்ரைன் வாசலில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அந்தத் திருவாடானைத் தம்பி புரட்டிப் பார்த்திருந்தாலும் அவனுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது. கூடப் போனவர்கள் படித்துச் சொல்லியிருக்கலாம் என்றால், அது ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கர், ராக்கா

ஜுபைல்காரன் தம்பி, கடைசி வரிதான் நானும் சொன்னது. மற்றபடி நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாத பக்கம். வேலைப் பெயரை மாற்ற இப்போது ஆன்லைனிலேயே வழி இருக்கிறது, கம்பெனி தரப்பிலிருந்து போட வேண்டும், நீங்களும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். யாராவது இதே நிலையில் இருந்தால் முதலில் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்பது முக்கியம்.

அல்ஐன் பாய்

பக்கத்துப் பக்கத்து ஊர் என்றால் எங்கள் ஊரைத்தான் சொல்லணும். கோபருக்கும் மனாமாவுக்கும் நடுவில் கடலாவது இருக்கிறது. அல்ஐனும் புரைமியும் ஒரே ஊர். தெரு ஒன்று, இந்தப் பக்கக் கடை அமீரகம், அந்தப் பக்கக் கடை ஓமான். வாடகை குறைவு என்று புரைமியில் ரூம் எடுத்து அல்ஐனில் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். 2006 வரை நடந்தே போவோம், நடந்தே வருவோம். அப்புறம் வேலி வந்தது, போகணும் என்றால் சுற்றிக்கொண்டு ஹீலி செக்போஸ்ட், பேப்பர் எல்லாம்.

கீழக்கரை நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் டெய்லர் கடை வைத்திருந்தார். நோன்பு நாட்களில் அவர் கடையில்தான் கஞ்சி. வேலி போட்ட பிறகு ஒரு மஃரிபுக்கு, நோன்பு திறக்கும் நேரத்தில், இந்தப் பக்கம் நின்று போன் பண்ணினேன். அவர் கடைவாசலுக்கு வந்து, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். முகம் தெரிகிற தூரம்தான். "குடிங்க பாய், நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். அவர் குடிக்கவில்லை, கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டார்.

நாமக்கல் டிரெய்லர்

நான் இந்தப் பாலத்தில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ரீஃபர் வண்டி, அதாவது குளிர்பதன லாரி, கோழி லோடு. லாரி லைனில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்றதெல்லாம் உண்டு. அதெல்லாம் மனசில் இல்லை. ஒரே ஒரு டிரிப்தான்.

2020 மார்ச்சில் ஆள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள், சரக்கு வண்டி மட்டும் ஓடியது. ஏப்ரலில் ஒரு நாள், கோபரில் பெட்ரோல் பம்பில் டீசல் போட நின்றேன். ஒரு தமிழ் ஆள், மாஸ்க் போட்டிருந்தார், தள்ளி நின்றே பேசினார். என் வண்டி பஹ்ரைன் போகிறதா என்று கேட்டார். அவர் மனைவிக்கு மனாமாவில் வேலை. குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறதாம், பெண் குழந்தை. அவர் இன்னும் பார்க்கவில்லை. நகைக்கடை சிவப்புப் பை ஒன்றை நீட்டினார். உள்ளே வெள்ளிக் கொலுசு, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முத்து வைத்தது. "பாலம் இறங்கினதும் அவ தம்பி வந்து வாங்கிப்பான், நீங்க நிறுத்தக்கூட வேண்டாம்" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் இல்லாத பொருள் கேபினில் இருந்து கஸ்டம்ஸில் மாட்டினால் வண்டி நிற்கும், லோடு கெட்டுப்போகும், என் வேலை போகும். அந்தச் சமயத்தில் கைமாற்றி எதையும் வாங்கவும் பயம். அவர் வற்புறுத்தவில்லை. "சரிண்ணே, பார்த்துப் போங்க" என்று பையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாலம் ஏறினேன். என் முன்னால் இரண்டே லாரி. காரே இல்லாத பாலத்தை அப்போதுதான் பார்த்தேன். தீவில் இன்ஜினை அணைத்து நின்றபோது கடல் சத்தம் கேட்டது, அத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. பின்னால் டன் கணக்கில் கோழி. அந்தக் கொலுசு என்ன எடை இருக்கும்?

முடியாது என்று சொன்னது தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த அம்மாவின் நம்பரை வாங்கி, அந்தப் பக்கம் இறங்கியதும் ஒரு போன் போட்டிருக்கலாம். "உங்க வீட்டுக்காரரைக் காலையில பார்த்தேன்மா, நல்லா இருக்கார்" என்று. தினமும் வீடியோவில் பேசியிருப்பார்கள்தான். நேரில் பார்த்த ஒரு ஆள் சொல்வது வேறு.

மார்த்தாண்டம் சிஸ்டர்

அண்ணா, அந்த மாதங்களில் நான் வார்டில் இருந்தேன். கையில் எதையும் வாங்காதது சரிதான், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் குழந்தை இப்போது ஸ்கூல் போகிற வயசு. அப்பா கையாலேயே போட்டுவிட்டிருப்பார்.

பழைய கோபர்வாசி அண்ணனிடம் ஒன்று கேட்கணும். அன்றைக்கு ராத்திரி ரூமுக்குத் திரும்பிப் போனபோது அந்தத் தம்பி என்ன சொன்னான்? அதை எழுதவே இல்லையே.

பழைய கோபர்வாசி

எழுதவில்லை, உண்மைதான்.

ஜுபைல்காரன் சொன்ன கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு அரபி படிக்கத் தெரியும். அதில் நான் ஒருத்தன்.

திரும்பும்போது ராத்திரி இரண்டு மணி. அவன் முழித்துக்கொண்டிருந்தான். பிளாஸ்கில் டீ போட்டு வைத்திருந்தான், ஐந்து டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. "எப்படிண்ணே இருந்துச்சு?" என்றான்.

இடைவேளையில் எல்லாரும் விசில் அடித்துக்கொண்டிருந்தோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாவே இல்லடா, பாதியில எந்திரிச்சு வரலாம்னு இருந்துச்சு" என்றேன். மற்ற மூன்று பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அவன் எங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "அப்ப சரிண்ணே" என்று டம்ளர்களை நிமிர்த்தி டீ ஊற்றினான். 2018இல் சவூதியிலேயே தியேட்டர் திறந்துவிட்டார்கள், அப்புறம் எங்கள் பக்கமும் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அவன் ஊருக்குப் போய்விட்டான். ரூமைக் காலி பண்ணும்போது அவன் பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். அந்தச் சட்டை அடியில் இருந்தது. குண்டூசி எடுக்காமல்.