'ப்ரீஹெடர்': தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கி வருகிறோம். இனிப்புக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை என்று சிறு கடைக்காரர்கள் கையாளப்போகும் மென்பொருள் இது. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் தொடக்கத்திலேயே கடைகள் மடல் அனுப்ப ஆரம்பித்துவிடும். அதற்குள் சொற்களை முடிவு செய்தாக வேண்டும்.

சந்தாதாரர், விலகு, இணைப்பு, வரைவு போன்றவற்றில் சிக்கல் இல்லை. 'ப்ரீஹெடர்' மட்டும் இழுக்கிறது. கைபேசியில் மடல்பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு மடலுக்கும் அனுப்பியவர் பெயர், அதன்கீழ் தலைப்பு, அதையடுத்து மங்கலான நிறத்தில் இன்னொரு துண்டு வாசகம் தெரியும் அல்லவா? அந்தத் துண்டுதான் இது. மடலைத் திறப்பதா வேண்டாமா என்பதைப் பலர் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வரைவில் 'முன்னோட்ட உரை' என்று போட்டிருக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

மடல் 2: மதுரையிலிருந்து

> வரைவில் 'முன்னோட்ட உரை' என்று போட்டிருக்கிறோம்.

இது வேண்டாம் என்பது என் கருத்து. கடைகளுக்கு மடல் அமைத்துத் தருகிற வேலையில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதே திரையில் 'முன்னோட்டம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மடல் எப்படித் தெரியும் என்று அனுப்பும் முன் பார்ப்பதற்கான பொத்தான் அது. பக்கத்திலேயே 'முன்னோட்ட உரை' என்று ஒரு பெட்டி இருந்தால், மென்பொருள் தானாகக் காட்டுகிற ஏதோ ஒன்று என்று நினைத்துக் கடைக்காரர் அதை வெறுமையாக விட்டுவிடுவார். வெறுமையாக விட்டால் நடப்பது இதுதான்: மடலின் உடலில் முதலில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை மின்னஞ்சல் செயலி எடுத்துக் காட்டும். பெரும்பாலான வார்ப்புருக்களில், அதாவது தயார்நிலை மடல் வடிவங்களில், முதலில் இருப்பது 'மடல் சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் பார்க்க இங்கே சொடுக்கவும்' என்ற வாசகம். அல்லது கடைச் சின்னத்தின் மாற்றுரை, அதாவது படம் தெரியாதபோது காட்டும் வாசகம். பலர் அதில் 'லோகோ 2' என்பது போன்ற கோப்புப் பெயரையே விட்டிருப்பார்கள். தீபாவளி நெருக்கத்தில் வாடிக்கையாளர் பெட்டியில் முப்பது மடல் கிடக்கும்போது, கடையின் பெயருக்குக் கீழே 'லோகோ 2' என்று தெரிந்தால் யார் திறப்பார்கள்?

வார்ப்புரு இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்பும் கடைகளில் இன்னொரு விதமாக வீணாகிறது. நம் கடித வழக்கப்படி 'அன்புடையீர், வணக்கம். தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி தெரிவித்துக்கொள்வதில்…' என்று தொடங்குகிறார்கள். தெரியும் இடம் முழுவதும் அதிலேயே போய்விடும். மரியாதை வேண்டியதுதான், இரண்டாம் பத்தியில் வைத்துக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தில் தேதியும் பொருளும் வந்துவிட வேண்டும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. போன வருட மடலை நகலெடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவது. ப்ரீஹெடர் மடலின் உடலில் மறைந்திருப்பதால் திருத்தும்போது கண்ணில் படாது. 'தீபாவளி முன்பதிவு' என்று புதுத் தலைப்பு, அதன் கீழே 'பொங்கல் சலுகை ஜனவரி 12 வரை' என்று பழைய வாசகம். வேலை தெரிந்தவர்களிடமும் இது நடக்கிறது. ஆகவே பெயரைப் பார்த்ததும் 'இது தலைப்போடு போகிற சரக்கு, தலைப்பை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்' என்று புரிய வேண்டும்.

நான் முன்மொழிவது 'முன்வரி'. சின்னச் சொல், பெட்டிக்குள் அடங்கும்.

மடல் 3: யாழ்ப்பாணத்திலிருந்து

மதுரை நண்பர் சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் 'முன்வரி' ஆகாது. கடைக்காரருக்கு 'வரி' என்றால் முதலில் வருவது கட்ட வேண்டிய வரி. அங்கே ஜிஎஸ்டி, இங்கே வாட். 'முன்வரி' என்பதை முற்பணமாகக் கட்டும் வரி என்றுதான் படிப்பார்.

இதையொட்டி இன்னொன்றையும் கவனியுங்கள். வரைவுக் கோப்பில் 'சப்ஜெக்ட் லைன்' என்பதற்குப் 'பொருள் வரி' என்று இருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் 'பொருள்:' என்று போடுவது பழகிய வழக்கம்தான், மறுக்கவில்லை. கடையில் பொருள் என்றால் விற்கிற சரக்கு. 'பொருள் வரி' என்று ஒரு பெட்டியைக் காட்டினால் அதில் விற்பனை வரி விகிதத்தை நிரப்பினாலும் வியப்பில்லை. இந்த மென்பொருளுக்காவது 'தலைப்பு' என்றே வையுங்கள்.

தலைப்பு என்று வைத்துவிட்டால் அடுத்த சொல்லையும் அதிலிருந்தே எடுக்கலாம். முன்னொட்டு, பின்னொட்டு என்பதுபோல் 'தலைப்பொட்டு'. தலைப்போடு ஒட்டி வருவது என்று பொருள்.

மடல் 4: சென்னையிலிருந்து

'பொருள் வரி'யை நீக்குவதை வழிமொழிகிறேன்.

'தலைப்பொட்டு' இலக்கணப்படி சரிதான், கண்ணுக்குத்தான் சரியில்லை. தலைப்பு + ஒட்டு என்று யாரும் பிரிக்கமாட்டார்கள், தலை + பொட்டு என்றே பிரிப்பார்கள். விளக்கம் கேட்டால்தான் புரியும் என்ற நிலையில் உள்ள சொல் இடைமுகத்துக்கு உதவாது.

'பின்தலைப்பு' எப்படி? ஆங்கிலத்தில் 'ப்ரீ' என்று சொல்வது மடலின் உடலில் மேலே இருக்கும் சின்னம், படம் போன்றவற்றுக்கு முன்னால் வருவதால். பெறுகிறவர் பார்வையில் அது தலைப்புக்குப் பின்னால்தான் தெரிகிறது. அவர் பார்க்கிற இடத்தை வைத்துப் பெயரிடுவோம்.

மடல் 5: கோவையிலிருந்து

பார்க்கிற இடத்தை வைத்துப் பெயரிடும் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் பழகியவர்களுக்கு 'பின் செய்' என்றால் மேலே குத்திவைப்பது. 'பின்தலைப்பு' என்றால் மேலே குத்திவைத்த தலைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 'துணைத்தலைப்பு'ம் பரிசீலித்தோம். அது மடலின் உள்ளே பத்திகளுக்கு இடும் சிறு தலைப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது.

'உடன்தலைப்பு' என்று ஒன்றை முன்வைக்கிறேன். தலைப்புடன் சேர்ந்தே போவது, சேர்த்தே மாற்ற வேண்டியது. மதுரை நண்பர் கேட்ட பொருள் இதில் வந்துவிடுகிறது.

மடல் 6: திருச்சியிலிருந்து

'உடன்தலைப்பு'க்கு என் ஆதரவு. புணர்ச்சி விதிப்படி 'உடன்றலைப்பு' என்றாக வேண்டாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். மின்தடை, மின்தூக்கி என்று எழுதுகிறோம், மின்றடை என்று எழுதுவதில்லை. அதே வழியில் இதையும் பிரித்தே வைக்கலாம்.

நான் எழுத வந்தது எழுத்தெண்ணிக்கை பற்றி. இந்தப் பெட்டியின் மூலையில் '0/90' என்று ஒரு எண்ணி (கவுன்டர்) இருக்கிறது. அதன் பெயரை 'எழுத்துகள்' என்று தமிழாக்கியிருக்கிறீர்கள். நிரல் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறியீட்டை. 'தீபாவளி' என்பது நமக்கு நான்கு எழுத்து. நிரலுக்கு ஏழு: த, ஈகாரக் குறி, ப, ஆகாரக் குறி, வ, ள, இகரக் குறி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21 பைட். கடைக்காரர் ஐம்பது எழுத்துகூடத் தாண்டியிருக்கமாட்டார், 'வரம்பு மீறியது' என்று சிவப்பில் காட்டும். நிரலைத் திருத்தி எழுத்துக் கொத்துகளை, அதாவது குறியோடு சேர்த்து நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பவற்றை, எண்ணச் செய்யுங்கள். முடியாவிட்டால் எண்ணியையே தமிழ் இடைமுகத்தில் மறைத்துவிடுங்கள். தவறான எண் இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

தலைப்புக்கும் உடன்தலைப்புக்கும் தொழில்நுட்பத்தில் ஒரு வேறுபாடு உண்டு, உதவிப் பக்கத்தில் சேர்க்கலாம். தலைப்பு, அனுப்புநர், பெறுநர் விவரங்களோடு மடலின் முகப்புப் பகுதியில் போகிறது. அங்கே ஆங்கிலமல்லாத எழுத்தை ஆர்எஃப்சி 2047 என்ற மின்னஞ்சல் தர ஆவணம் சொல்கிறபடி துண்டு துண்டாகக் குறியேற்ற வேண்டும். ஒரு துண்டின் உச்சம் 75 வரியுரு. முன்னும் பின்னும் வரும் அடையாளங்களுக்கு 12 போனால் மீதி 63. மூன்று பைட்டை நான்கு வரியுருவாக மாற்றும் பேஸ்64 முறை நான்கு நான்காக அடுக்குவதால் 60தான் பயன்படும். அது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடுகள். சரியாக எழுதிய நிரல் முழுக் குறியீட்டின் முடிவில்தான் துண்டை வெட்டும். அரைகுறை நிரல் பைட்டை எண்ணி நடுவில் வெட்டும். தலைப்பின் மத்தியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உடன்தலைப்பு மடலின் உடலில் போவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

மடல் 7: மதுரையிலிருந்து

'முன்வரி'யைத் திரும்பப் பெறுகிறேன். 'உடன்தலைப்பு' நன்றாக இருக்கிறது.

எண்ணியை மறைப்பதானால் அதற்குப் பதில் ஒரு வழிகாட்டல் வேண்டும். தமிழ் எழுத்து அகலமானது. கைபேசிக்குக் கைபேசி, செயலிக்குச் செயலி தெரியும் நீளம் மாறும். ஆகவே 'முதல் நான்கு சொற்களுக்குள் முக்கியமானதைச் சொல்லுங்கள்' என்பதே பாதுகாப்பான அறிவுரை.

உதவிப் பக்கத்துக்கு இனிப்புக்கடையை எடுத்துக்காட்டாக வைக்கலாம். வீட்டு வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் போதும். மின்னஞ்சல் உண்மையில் வேலை செய்வது அலுவலக ஆர்டரில். ஐம்பது, நூறு பெட்டி வாங்கும் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் ஒருவர் விலைப்பட்டியலை மேலதிகாரிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், கணக்குப் பிரிவுக்கு பில் வேண்டும். அவர் தேடுவது பெட்டியின் எடையும் விலையும், கடைசித் தேதி, ஜிஎஸ்டி பில், எத்தனை நாள் கெடாது என்பது. பால் இனிப்பா நெய் இனிப்பா என்பதைப் பொறுத்து அந்தக் கடைசி விடை மாறுவதால் அதை மடலின் உள்ளே விரிவாகச் சொல்லலாம். விலைப்பட்டியலும் உள்ளேயே இருக்கட்டும். மற்றவை வெளியிலேயே தெரியட்டும்.

தலைப்பு: தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், அலுவலக ஆர்டர்
உடன்தலைப்பு: நவம்பர் 1 வரை. அரை கிலோ, ஒரு கிலோ பெட்டி. ஜிஎஸ்டி பில் உண்டு.

தவறான வடிவத்தையும் பக்கத்திலேயே காட்டுங்கள்:

தலைப்பு: தீபாவளி நல்வாழ்த்துகள்!
உடன்தலைப்பு: தீபாவளித் திருநாளை முன்னிட்டு எங்கள் கடையின் இனிய வாழ்த்துகள்

இரண்டும் ஒரே செய்தி. ஆர்டர் எடுக்கிறார்களா, வாழ்த்து மட்டுமா என்பதே தெரியவில்லை.

ஒரு பருவத்துக்கு மூன்று மடல் போதும். ஆயுத பூசைக்கு முன் விலைப்பட்டியலோடு ஒன்று, பூசை முடிந்த வாரத்தில் நினைவூட்டல், முன்பதிவு முடிவதற்கு இரண்டு நாள் முன் கடைசி அழைப்பு. மூன்றுக்கும் உடன்தலைப்பு வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றையே மூன்று முறை அனுப்பினால் பழைய மடல் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டவர்களை இரண்டாம், மூன்றாம் மடலின் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும் வேண்டும்.

மடல் 8: சென்னையிலிருந்து

நானும் ஒப்புகிறேன். வார்ப்புரு செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உடன்தலைப்பை மடலின் எச்டிஎம்எல் நிரலில் பாடி குறிச்சொல்லை அடுத்த முதல் டிவ் பகுதியில் வைத்து, டிஸ்ப்ளே நன் என்ற கட்டளை கொடுத்து மறைப்பது வழக்கம். அது குட்டையாக இருந்தால் செயலி அதோடு நிற்காது, பின்னால் வரும் 'உலாவியில் பார்க்க' வாசகத்தையும் இழுத்து ஒட்டிக் காட்டும். தடுக்க, வாசகத்துக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத குறிகளான அகலமற்ற பிரிப்பானையும் முறியா இடைவெளியையும் மாறி மாறி ஐம்பது, அறுபது முறை அடுக்குங்கள். முற்றுப்புள்ளிக்குப் பிறகு வருவதால் தமிழ் எழுத்து எதுவும் உடையாது.

மடல் 9: கோவையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பர் தனிமடலில் ஒப்புதல் தெரிவித்துவிட்டார். கோப்பில் இன்று இப்படி மாற்றியிருக்கிறோம்:

சப்ஜெக்ட் லைன்: தலைப்பு

ப்ரீஹெடர், பிரிவியூ டெக்ஸ்ட்: உடன்தலைப்பு

பிரிவியூ (பொத்தான்): முன்னோட்டம்

உடன்தலைப்புப் பெட்டியின் கீழ் வரும் குறிப்பு: 'மடல்பெட்டியில் தலைப்பை அடுத்துத் தெரியும் வாசகம். முதல் நான்கு சொற்களில் தேதி, விலை போன்றவற்றைச் சொல்லுங்கள். வெறுமையாக விட்டால் மடலில் முதலில் உள்ள எழுத்து எதுவோ அது தெரியும்.'

பழைய மடலை நகலெடுக்கும்போது தோன்றும் எச்சரிக்கை: 'தலைப்பை மாற்றியுள்ளீர்கள். உடன்தலைப்பு பழையதாகவே உள்ளது. மாற்ற வேண்டுமா?' இந்த எச்சரிக்கை ஆங்கில மூலத்தில் இல்லை. நிரலாளர்களிடம் கோரிக்கையாக வைத்திருக்கிறோம்.

எண்ணி இப்போதைக்குத் தமிழ் இடைமுகத்தில் மறைக்கப்பட்டுள்ளது. திருச்சி நண்பர் சொன்னபடி எழுத்துக் கொத்தை எண்ணும் திருத்தம் வந்ததும் திரும்பக் கொண்டுவருவோம்.

அடுத்துத் தீர்க்க வேண்டியது 'பவுன்ஸ்'. முகவரியே இல்லாததால் நிரந்தரமாகத் திரும்பும் மடலுக்கும், பெட்டி நிறைந்திருப்பதால் தற்காலிகமாகத் திரும்பும் மடலுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முன்னதைப் பட்டியலிலிருந்து உடனே நீக்க வேண்டும், பின்னதை மறுபடி அனுப்பிப் பார்க்கலாம் என்பதால் இரண்டும் குழம்பக் கூடாது. காசோலைக்கு வழங்கும் 'திரும்பியது' என்பதிலிருந்து தொடங்கலாமா என்று பாருங்கள். தனி இழையில் எழுதுவோம்.