பெயர் ஒன்று, ஆட்கள் மூவர்

குடும்பக் குழு, ஞாயிறு மாலை

பெரியம்மா: இன்று ஆராதனையில் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். பவுலோடு கப்பலேறிய அரிஸ்தர்க்குதான் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று முதலில் சொன்னவர் என்கிறான் பேரன். அப்படியா?

நான்: இல்லை பெரியம்மா, பெயர்தான் ஒன்று. பைபிளில் அரிஸ்தர்க்கு என்று வருவதும் கிரேக்கர்களின் அரிஸ்டார்க்கஸும் ஒரே பெயர். பூமி சுற்றுகிறது என்று சொன்ன அரிஸ்டார்க்கஸ் கிரேக்கத்தின் சாமோஸ் தீவுக்காரர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு.

சித்தப்பா: அதைச் சொன்னவர் கோப்பர்நிக்கஸ் அல்லவா?

நான்: அவருடைய நூல் வந்தது 1543-இல், சித்தப்பா. சாமோஸ்காரர் சுமார் 1,800 ஆண்டுகள் முந்தியவர். அதைப் பற்றி அவர் எழுதியது அழிந்துபோயிற்று. ஆர்க்கிமிடிஸ் குறிப்பிட்டிருப்பதால் நமக்குத் தெரிகிறது.

அக்கா: சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டாரே, அதையும் சொல்.

நான்: பூமி, நிலவு, சூரியன் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம். நிலவு சரிபாதி ஒளிரும்போது அது இருக்கும் இடத்தில் செங்கோணம் அமையும். இங்கிருந்து நிலவுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணம் தெரிந்தால் போதும், முக்கோணம் கைக்கு வந்துவிடும். அவர் 87 பாகை என்று கொண்டார். சூரியன் நிலவைப்போல 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாக விடை வந்தது. உண்மையில் கோணம் 89.85 பாகை, தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு.

சித்தப்பா: அடேயப்பா, இவ்வளவு வித்தியாசமா!

நான்: எந்தக் கணத்தில் நிலவு சரிபாதி என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் வழியில் ஒரு பிசகும் இல்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

அக்கா: எனக்குப் பிடித்தவர் இன்னொரு அரிஸ்டார்க்கஸ். சாமோத்ராக்கி தீவில் பிறந்து, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர். கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் போன்ற காவியத்தில் ஒரு வரி பிற்காலத்தில் நுழைந்தது என்று தோன்றினால் அதை நீக்கிவிட மாட்டார். ஓரத்தில் சிறு கோடு போட்டு, வரியை அப்படியே விட்டுவைப்பார். வெனிஸில் உள்ள 10-ஆம் நூற்றாண்டு இலியட் கையெழுத்துப் பிரதியில் அந்தக் குறிகளை இன்றும் பார்க்கலாம். பதிப்பாசிரியர் என்றால் அவர்தான்!

பெரியம்மா: கடைசியில் என்ன ஆனார்?

அக்கா: கி.மு. 145-இல் எகிப்தில் எட்டாம் தாலமி ஆட்சியைப் பிடித்ததும் சைப்ரஸுக்குத் தப்பிப் போனார். அங்கேயே இறந்தார்.

பெரியம்மா: எங்கள் அரிஸ்தர்க்கு மட்டும் லேசுப்பட்டவரா? எபேசுவில் தட்டான் தெமேத்திரியு கிளப்பிய கலகத்தில் அவரை அரங்கசாலைக்குள் இழுத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் பவுலை விட்டு அகலவில்லை. தம்மோடு காவலில் இருப்பவர் என்று கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுலே சொல்கிறார்.

நான்: தெசலோனிக்கே ஊர்க்காரர் அவர். பெரியம்மா, பேரனிடம் போனைக் கொடுங்கள். அந்த முக்கோணத்தை வரைந்து அனுப்புகிறேன். மூன்று முனைகளிலும் எது எது என்று அவனே எழுதட்டும்.