புதுப்பிப்பு: கோத்தகிரி ஏற்றத்தில் தாவிய செயின்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, புதுச் செயின் மாட்டிய பிறகும் ஒரு வாடிக்கையாளரின் சைக்கிளில் அழுத்தி மிதித்தால் செயின் தாவுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கியர் ஒயரைச் சரிபார்க்கும்படி பலர் கூறியிருந்தீர்கள். ஒயரில் குறையில்லை.

கழற்றிப் போட்ட பழைய செயினை அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்தபோதுதான் விடை கிடைத்தது. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். இந்தப் பழைய செயினிலோ ஒரு நூல் (எட்டில் ஒரு பங்கு அங்குலம்) கூடியிருந்தது. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் தேய்ந்து இப்படி நீண்டுபோன செயினோடு நெடுநாள் ஓடியதால், பின்சக்கரத்தின் பற்சக்கரங்களில் உள்ள பற்களும் அதே இடைவெளிக்குத் தேய்ந்து ஒருபுறம் சாய்ந்திருந்தன. ஆகவே புதுச் செயின் பல்லின் அடியில் அமராமல் மேலேறித் தாவியிருக்கிறது. அவர் அதிகம் பயன்படுத்திய இரண்டு பற்சக்கரங்களில் மட்டும் இது நிகழ்ந்ததும் அதனால்தான்.

கேசட்டையே (பின்சக்கரத்துப் பற்சக்கரங்களின் தொகுப்பு) மாற்றினோம். பெரிய பற்சக்கரம் 28 பற்களுக்குப் பதிலாக 32 உள்ளதைத் தேர்ந்தெடுத்தார் (ஏற்றத்தில் மிதிக்க இலகு, முழங்காலுக்கு நல்லது என்று நான்தான் வற்புறுத்தினேன்). சென்ற ஞாயிறு கோத்தகிரி வரை ஏறித் திரும்பிவிட்டார், செயின் தாவவில்லை. இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன; அதுதான் அடுத்த வேலை.