சென்னை விமானமும் பட்டர்வொர்த் பெர்ரியும்

கார்த்திக்: அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துச் சித்தியும் சித்தப்பாவும் அடுத்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வருகிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. 2024 டிசம்பரில் நேரடிச் சேவையும் தொடங்கிவிட்டதால், கோலாலம்பூரில் இறங்கி மாறி வரும் அலைச்சல் இல்லை. ஜார்ஜ்டவுன் நகரில் ஆர்மேனியன் வீதிக்குப் பக்கத்தில், பழைய கடைவீட்டைப் புதுப்பித்து நடத்தும் ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். எங்கெங்கே அழைத்துச் செல்லலாம், எதில் செல்லலாம் என்று சொல்லுங்கள்.

பார்வதி: வீடு இருக்கும்போது விடுதி எதற்குத் தம்பி? அக்கரையில், பட்டர்வொர்த்தில் என் வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன.

கார்த்திக்: கடலைத் தாண்டித் தினமும் வந்து போவது அவர்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன், அத்தை.

முருகையா: உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பலில் டெக் பயணியாக, அதாவது அறையில்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்து வரும் பயணியாக ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்து இங்கே வந்து சேர்ந்தார். இந்தியாவிலிருந்து வந்த டெக் பயணிகளை ஊருக்குள் விடுவதற்கு முன்பு ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்துச் சோதிப்பதும் அந்தக் காலத்து வழக்கம். சித்தியும் சித்தப்பாவும் நான்கு மணி நேரத்தில் வந்து இறங்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பட்டர்வொர்த் தூரமா? இருக்கட்டும், நீ அறை எடுத்திருக்கும் விடுதி எந்த வரிசையில் இருக்கிறது?

கார்த்திக்: மூலையில் பழைய அச்சகம் இருந்ததே, அதற்கு அடுத்த மூன்றாவது கட்டடம், பெரியப்பா. நடுவில் திறந்த முற்றமும் அதில் ஒரு சிறிய குளமும் வைத்து மிக அழகாகச் செய்திருக்கிறார்கள்.

முருகையா: அந்த வீட்டை எனக்குத் தெரியும். மேல்மாடியைப் பலகைத் தடுப்புகளால் பிரித்து ஐந்து குடும்பங்கள் குடியிருந்தன. குளம் இருக்கும் இடத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டி இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் மாலை கட்டியவரும் நகரத்தின் நடுவிலேயே குடியிருக்க முடிந்தது. அந்தச் சட்டம் 2000 ஜனவரி முதல் நாளோடு முடிவுக்கு வந்ததும், வாடகை ஒரே தாவலில் எட்டாத உயரத்துக்குப் போனது. ஒவ்வொரு குடும்பமாக ஆயர் ஈத்தாம், பாயான் பாரு, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் என்று கிளம்பியது. உன் அத்தை பட்டர்வொர்த்துக்குப் போனதும் அப்படித்தான். துறைமுகம் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. 1969இல் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. கொள்கலன் கப்பல்கள் அக்கரைக்கு மாறின. வெல்ட் கீ துறையில் தொங்கான் என்னும் சரக்குப் படகுகளை நம்பிப் பிழைத்த கூட்டமும் கலைந்தது. இன்று கப்பல் என்றால் ஸ்வெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்தான்.

இளவரசி: பெரியப்பா சொல்வது அனைத்தும் உண்மை, ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். குடும்பங்கள் போன பிறகு காலியாக நின்ற வீடுகள் பலவற்றில், ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு, உணவாக விற்கும் கூட்டுக்காகப் பறவை வளர்த்தார்கள். சுவர்கள் ஈரத்தில் ஊறி உதிர்ந்தன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்காமல் இருந்திருந்தால், அந்தத் தொழிலை நகருக்குள்ளிருந்து வெளியேற்றியிருக்கவும் முடியாது, கூரைகளை ஒட்டுப்போட யாரும் பணம் போட்டிருக்கவும் மாட்டார்கள். சுற்றுப்பயணி வந்ததால்தான் அந்த வீடுகள் நிற்கின்றன.

முருகையா: வீடுகள் நிற்கின்றன, மறுக்கவில்லை. வீட்டுக்காரர்கள்தாம் இல்லை.

இளவரசி: அதை நானும் தினமும் பார்க்கிறேன், பெரியப்பா. உல்லாசக் கப்பல் வரும் நாளில் எனக்கு வழிகாட்டி வேலை கிடைக்கிறது என்பதால் குறை சொல்லத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் இறங்குகிறவர்கள் பிற்பகலில் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். சாப்பாடு கப்பலிலேயே கட்டணத்தோடு சேர்ந்திருப்பதால் நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்காருபவர்கள் குறைவு. எல்லோரும் நேரே ஆர்மேனியன் வீதிக்கு வந்து, 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரெவிச் வரைந்த, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் சுவரோவியத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் 1808இல் கட்டிய ஆச்சே வீதிப் பள்ளிவாசல் இருக்கிறது. ஹஜ் பயணிகள் கப்பலுக்குக் காத்திருந்து, பயணச்சீட்டு வாங்கி, உறவினரிடம் விடைபெற்றுச் சென்ற வட்டாரம் அது. இந்தத் துறைமுகத்தின் பயண வரலாறு முழுவதும் அந்த ஒரு முற்றத்தில் இருக்கிறது என்றே சொல்வேன். அங்கே பெரும்பாலும் புறாக்களைத் தவிர யாரும் இருப்பதில்லை.

கார்த்திக்: கூட்டம் இன்னும் கூடத்தான் போகிறது, அக்கா. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காகத்தான் வடிவமைத்திருந்தார்கள். 2019இலேயே 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்போது 1 கோடியே 20 லட்சம் பேருக்காக விரிவாக்கம் நடக்கிறது. இலகு ரயில் திட்டத்துக்கும் 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள்; 29.5 கிலோமீட்டர் பாதை, தெற்கே கடலைத் தூர்த்து உருவாகும் சிலிக்கான் தீவிலிருந்து விமான நிலையம், தொழிற்பேட்டை, ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரம் எனப் போய், கடலைக் கடந்து பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலில் முடிகிறது. 2031இல் ஓடத் தொடங்கும் என்பது இலக்கு. நான் தொழிற்சாலைக்குப் போகும் சாலையில் காலை ஏழரை மணிக்கு நிற்கும் வாகன வரிசையைப் பார்த்தவர்கள், இந்த ரயில் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள்.

பார்வதி: ரயில் வரட்டும், நல்லதுதான். ஆனால் யாருக்காக வருகிறது என்று ஒருவரும் தெளிவாகச் சொல்வதில்லை. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் பெர்ரிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1894இலிருந்து ஓடிய சேவை அது. 1985இல் முதல் பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் வந்த பிறகும், எங்கள் பூக்கடை வேன் விடியற்காலை பெர்ரியில்தான் ஏறியது. கீழ்த்தளத்தில் வேனை நிறுத்திவிட்டு, கரை வருவதற்குள் மாமா இரண்டு சரம் கட்டி முடித்துவிடுவார். 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு பழைய பெர்ரிகளை நிறுத்தினார்கள். பிறகு கொஞ்ச காலம் விரைவுப் படகு. 2023 ஆகஸ்டில் தெலுக் பகாங், தெலுக் டுயோங் என்று பெயர் வைத்து நான்கு புதிய பெர்ரிகளை விட்டார்கள். குளிர்சாதனம் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் ஆளும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் மட்டுமே ஏறலாம், வேனுக்கு இடமில்லை. ஆகவே இப்போது உங்கள் அண்ணன் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கூடையைக் கட்டி, நனைத்த துணியால் மூடி, அதிகாலைப் பெர்ரியைப் பிடித்து பினாங்கு வீதிக்குப் பூக் கொண்டுபோகிறான். பெரிய விசேஷம் என்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேன் போக வேண்டியிருக்கிறது.

முருகையா: நான் கேட்க நினைத்ததை என் தங்கை கேட்டுவிட்டாள். லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுகிறவர், மாவு மில்காரர், தையற்காரர், 1833இல் எழுந்த மாரியம்மன் கோவிலில் மேளம் வாசிப்பவர் ஆகியோரில் பெரும்பாலோர் இப்போது வெளியிலிருந்து வந்து போகிறவர்கள். சுற்றுப்பயணிகள் பார்க்க வருவது இவர்கள் நடத்தும் தெருவைத்தான். விமானத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்குச் சொல்கிறார்கள். அதிகாலையில் கடையைத் திறக்க வருகிறவர்கள் எதில் வருகிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் திட்டம் முழுமையாகும். இலகு ரயிலில் கடலைக் கடக்கும் துண்டை முதலில் முடிக்க வேண்டும் என்பது என் கட்சி. விமான நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு டாக்சியாவது இருக்கிறது.

கார்த்திக்: பினாங்கு சென்ட்ரலில் ரயிலும் வெளியூர்ப் பேருந்தும் பெர்ரியும் ஏற்கெனவே ஒரே இடத்தில் சேர்கின்றன என்பதால், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பெரியப்பா. ஆனால் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் அக்கரையிலிருந்து பாலத்தில் வருகிறவர்கள். அவர்களுக்கு இரண்டு துண்டும் சேர்ந்தால்தான் பயன்.

இளவரசி: இருவரும் சேர்ந்து அடுத்த தேர்தலில் நில்லுங்கள், நான் சுவரொட்டி ஒட்டுகிறேன். இப்போது பயணத் திட்டத்துக்கு வருவோம். அடுத்த சனிக்கிழமை உல்லாசக் கப்பல் எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்று வருகிறது. ஆகவே சனிக்கிழமை ஜார்ஜ்டவுனுக்குள் நடக்கலாம். மாரியம்மன் கோவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா வீதி நாகூர் தர்கா ஆகியவற்றை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். நாகப்பட்டினத்துக்காரர்கள் அந்தத் தர்காவைப் பார்க்காமல் போகக் கூடாது. கால் வலித்தால் இலவச நகரப் பேருந்து ஜெட்டியிலிருந்து கொம்தார் வரை சுற்றி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கும் கொடிமலை எனப்படும் பினாங்கு மலைக்கும் போகலாம். மலை ரயிலுக்குச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடு, கார்த்திக், இல்லையென்றால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும்.

கார்த்திக்: சரி அக்கா. விடுதியை ஓர் இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அந்த முற்றத்தைச் சித்தி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மற்ற இரவுகளுக்கு அத்தை வீடு.

பார்வதி: அப்படியே செய். விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டாம் பாலம் வழியாகச் சுற்றி வராதே. பெட்டிகளை உன் காரிலேயே விட்டுவிட்டு, அவர்களை வெல்ட் கீயில் பெர்ரி ஏற்றிவிடு, இக்கரையில் நான் வந்து நிற்கிறேன். இருவருக்கும் இரவுக்கு இடியப்பமா, தோசையா என்று கேட்டுச் சொல்.