டீசல் ஏறினா லாரி வாடகை உடனே ஏறுது, இறங்கினா ஏன் இறங்க மாட்டேங்குது?

மண்டிக்காரன்:
கோயம்பேட்டுல தக்காளி யாவாரம் பண்றேன், கோலார்ல இருந்து லோடு வருது. டீசல் ஏறுதுன்னு நியூஸ் வந்தாப் போதும், அடுத்த லோடுக்கே வாடகை ஏத்திக் கேக்குறாங்க. 2022 மே மாசம் மத்திய அரசு டீசலுக்கு கலால் வரியில 6 ரூபா குறைச்சாங்களே, அப்ப ஒருத்தராவது வாடகையக் குறைச்சாங்களா? கடைசியில ஜனங்க கிட்ட திட்டு வாங்குறது நாங்கதான்.

ஒத்தலாரி:
அண்ணே, அதுக்கு முன்னாடி நடந்ததை விட்டுட்டீங்களே. அதே வருஷம் மார்ச் 22ல ஆரம்பிச்சு ஏப்ரல் 6க்குள்ள லிட்டருக்கு 10 ரூபா ஏத்துனாங்க, அந்த 10 ரூபாயே எங்க வாடகையில முழுசா ஏறல, அப்புறம் 6 ரூபா எதுல இருந்து குறைக்கிறது?

உங்க ரூட்டையே கணக்குப் போடுங்க. கோலார் டு கோயம்பேடு போக வர சுமார் 540 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 கிலோமீட்டர்னு வச்சா 108 லிட்டர். 10 ரூபா ஏறினா 1080 ரூபா. 8 டன் லோடுக்கு அதைப் பிரிச்சா கிலோவுக்கு 14 பைசா கூட வரல. கடையில கிலோவுக்கு 5 ரூபா ஏத்திட்டு டீசல் மேல பழி போட்டா அது எப்படிண்ணே நியாயம்?

உப்பளத்தூர்:
தக்காளிக்கு சரி, எல்லா சரக்குக்கும் அந்தக் கணக்கு ஓடாது நண்பா. நாங்க தூத்துக்குடியில இருந்து பெங்களூருக்கு உப்பு அனுப்புறோம், கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், லோடோட போறப்ப 4 கிலோமீட்டர் மைலேஜ் கிடைச்சாலே பெருசு, 20 டன் வண்டின்னா 10 ரூபா ஏத்தத்துக்கு டன்னுக்கு 75 ரூபா விழுது, அதுவும் போறதுக்கு மட்டும். உப்பு, செங்கல், எம்சாண்ட் மாதிரி விலை கம்மி வெயிட்டு ஜாஸ்தியான சரக்குல வாடகைதான் பாதி விலையே.

மண்டிக்காரன்:
தம்பி, 540ன்னு ரெண்டு பக்கமும் என் தலையில கட்டுறீங்க, ரிட்டர்ன் லோடு காசு யார் பாக்கெட்டுக்குப் போகுது?

ஒத்தலாரி:
தக்காளி வண்டிக்கு என்ன ரிட்டர்ன் லோடு? உங்க காலி கிரேட்டை அடுக்கிக் கட்டி திருப்பி கொண்டுபோய் இறக்குறது யாரு? அந்த கிரேட்டோட வேற சரக்கு எங்க ஏத்துறது?

இன்னொண்ணு, வாடகைய நாங்க முடிவு பண்றதே இல்லண்ணே. புரோக்கர் ஆபீஸ்ல ஒரு லோடுக்கு நாலு வண்டி நிக்குது, நான் டீசல் ஏத்தத்தைச் சேர்த்துக் கேட்டா பின்னாடி நிக்கிறவன் பழைய வாடகைக்கே எடுத்துட்டுப் போயிடுறான், ஏன்னா அவனுக்கு டியூ கட்டணும். நூறு வண்டி வச்சிருக்கிற கம்பெனிக்கு ஒப்பந்தத்துலயே டீசல் விலைக்குத் தக்கபடி வாடகை மாறும்னு எழுதியிருக்கும், எங்களுக்கு வாய்ப்பேச்சுதான். டீசல் ஜிஎஸ்டிக்குள்ளயும் வரல, கட்டுன வரியில ஒரு பைசா கூட கழிச்சுக்க முடியாது. பங்க்ல டீசலுக்கு கையில காசு, எங்களுக்கு அட்வான்ஸ் போக பாக்கி ஒரு மாசம் கழிச்சு.

உப்பளத்தூர்:
பாக்கி விஷயம் உண்மை, எங்க பக்கமும் அதே கதைதான்.

மண்டிக்காரன்:
சரி, அப்ப நாமளும் எழுதிக்குவோம். இன்னைக்கு டீசல் விலையைப் போட்டு, அதுல இருந்து ஒரு ரூபா ஏறினா வாடகையில இவ்வளவு கூட்டி, ஒரு ரூபா இறங்கினா அதே அளவு கழிச்சு. இறங்குறப்பவும் ஒத்துக்குவீங்களா?

ஒத்தலாரி:
தாராளமா, நாளைக்கே கையெழுத்துப் போடுறேன். சரக்கு இறக்கி ஏழு நாள்ல பாக்கி செட்டில் பண்ணிடுவேன்னு அதே பேப்பர்ல நீங்களும் எழுதுங்கண்ணே.