‘உப்புத் தெளிப்பு’ வேண்டாம், ‘உப்புத் தூவானம்’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

கடலில் அலை உடையும்போது சிதறும் உப்புத் துளிகளைக் காற்று அள்ளிவந்து இலையில் படியவிடுகிறதே, ஆங்கிலத்தில் ‘சோல்ட் ஸ்ப்ரே’ என்பது, அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்று நாகப்பட்டினத்து ஐயா நம்மிடம் கேட்டு ஒரு கிழமையாகிறது. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உப்புத் தெளிப்பு, கடற்சாரல், உவர்க்காற்று. மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. அகராதியை வைத்துச் சொல்லவில்லை; என் வளவில் நிற்கும் கறிவேப்பிலையை வைத்துச் சொல்கிறேன்.

நான் இருப்பது இலங்கையில் திருகோணமலைக் கரையிலுள்ள உப்புவெளி. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருப்பதால் இந்த வழக்கில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு தென்னையும் ஓர் ஒழுங்கையும்தான்.

எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தை முற்பாதிக்கும் இடையில் கொட்டிவிடும். அப்போது வீசுவது வாடை, கடலிலிருந்து கரைக்கு. அது உப்பையும் கொண்டுவரும். ஆனால் பின்னாலேயே மழை வந்து கழுவிவிடும். கார்த்திகை, மார்கழியில் செடிக்கு அழுகல்தான் தலையிடி. உப்பின் வேலை தை பிற்பாதியில் தொடங்குகிறது. மழை ஓய்ந்துவிடும், வாடை ஓயாது, அலையும் முரட்டுத்தனமாகவே உடையும். காலையில் சன்னல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மாசி நடுவில் பார்த்தால் கறிவேப்பிலையின் கடற்பக்கக் கிளைகள் மட்டும் நுனியிலிருந்து பழுப்பேறி நிற்கும். வீட்டுப் பக்கம் பச்சை. ஒரே மரம், ஒரே வேர், ஒரே கிணற்றுத் தண்ணீர்.

அந்த ஒருபக்கக் கருகல்தான் என் வாதம் முழுவதும்.

மண்ணில் உப்பேறியிருந்தால் கருகல் இப்படி வராது. வேர் உறிஞ்சிய உப்பு முதலில் முதிர்ந்த இலைகளின் ஓரத்தில் போய்ச் சேரும். கடற்பக்கம், தரைப்பக்கம் என்று அது பார்ப்பதில்லை. அதற்கு எங்களிடம் சொல் ஏற்கெனவே உண்டு. தண்ணீர் என்றால் சவர், நிலம் என்றால் உவர். ஆவணி, புரட்டாதியில் கிணற்று மட்டம் இறங்கும்போது அடியில் கிடக்கும் உப்புநீர் மேலேறி வருவது இந்த வகை. இன்னொன்று கச்சான். வைகாசியிலிருந்து ஆவணி வரை தரை தாண்டி மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் காய்ந்த காற்று. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள். (தமிழகத்து நண்பர்களுக்கு: நாங்கள் கொறிக்கிற நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். குழம்ப வேண்டாம்.) கச்சானும் இலையைக் கருக்கும், ஆனால் தரைப்பக்க இலையை. அதில் உப்பு இல்லை, வறட்சிதான்.

மூன்றுக்கும் மருந்து வேறு. கச்சானுக்கு நிழலும் அடியில் சருகும் போதும். சவருக்குத் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மழை வரும்வரை பொறுக்க வேண்டும். காற்றில் வந்த உப்புக்கோ இலையைக் கழுவினால் சரி: வெயில் தாழ்ந்த பிறகு நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றுவது, காற்று பலத்த நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மாரி முடிந்த கையோடு கிணறு நிறைந்து நல்ல தண்ணீராக இருக்கும் காலம் என்பதால் இது முடிகிற காரியம். நான் இது தெரியாமல் இரண்டு வருடம் மரத்தின் அடியில் குடம் குடமாக ஊற்றினேன். இலை தன் பாட்டில் கருகிக்கொண்டே இருந்தது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘உவர்க்காற்று’ என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்ததை அயல்வீட்டுத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உடனே, “அப்ப ஜிப்சம் போடட்டா அண்ணை?” என்று கேட்டார். ஜிப்சம் உவர் மண்ணுக்குப் போடுவது. அவரில் பிழை இல்லை. உவர் என்ற சொல் காதில் விழுந்ததும் கை மண்ணுக்குத்தான் போகும். கலைச்சொல் ஒன்று பிழையான மருந்தைக் காட்டுமானால் அதைவிட அந்த ஆங்கிலச் சொல்லே மேல். உவர்மைக்கான அட்டவணைகளும் இப்படித்தான் வழி தவற வைக்கும். போஞ்சி (பீன்ஸ்) 1, மிளகாய் 1.5, தக்காளி 2.5 டெசிசீமன்ஸ்/மீற்றர் (மண்ணின் உப்பை அளக்கும் அலகு) வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்பதெல்லாம் வேர் நிற்கும் மண்ணுக்கான எண்கள். இலைமேல் படியும் உப்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

‘தெளிப்பு’ என்றால் தெளிக்க ஒருவர் வேண்டும். எப்சம் உப்பை, அதாவது மக்னீசியம் சல்பேற்றைக் கரைத்து இலைக்கு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; ‘உப்புத் தெளிப்பு’ அவர்களுக்கே நன்றாகப் பொருந்தும். ‘கடற்சாரல்’ காதுக்கு இனிமை. அதுதான் குறை. சாரல் என்றதும் குற்றாலத்தில் நிற்கிற நினைப்பு வரும். விடுதிக்கு வைக்கிற பெயர்.

என் முன்மொழிவு ‘உப்புத் தூவானம்’. மழை முற்றத்தில் பெய்ய, காற்று அதைத் திண்ணைக்குள் தள்ளிவந்து பாயை நனைக்கிறதே, அதுதானே தூவானம். துளி பிறப்பது ஓரிடம், கொண்டுவருவது காற்று, நனைவது ஒரு பக்கம். கடல் உப்பு என் கறிவேப்பிலைக்கு வந்து சேருவதும் அப்படியே. “தூவானம் அடிக்குது, சன்னலைச் சாத்து” என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. செடியின் அடிமண்ணைச் சருகால் மூடுவதைப் பாடப்புத்தகம் ‘பத்திரக்கலவை’ என்று எத்தனையோ வருடம் சொல்லிக் கொடுத்தும் என் அயலவர் இன்னும் ‘சருகு போடுறது’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கதி இதற்கும் வரவேண்டாம்.

இதிலிருந்து கிளைச்சொற்களும் எடுக்கலாம்: இலை கருகுவது ‘தூவானக் கருகல்’, மறைப்பு ‘தூவான வேலி’.

உப்புவெளியிலிருந்து.

---

அன்புள்ள ஐயா,

விளக்கத்துக்கு நன்றி. ஒருபக்கக் கருகலை எங்கள் கரையிலும் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.

இரண்டு தயக்கங்கள். தூவானத்துக்குள் மழை இருக்கிறது. ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்பதே மழையை ஒட்டிய பேச்சுதான். மழை ஓய்ந்த மாசியில்தான் இந்தத் தொல்லை என்று நீங்களே எழுதிவிட்டு அதற்குத் தூவானம் என்று பெயர் வைக்கிறீர்கள். ‘உப்புச் சிதறல்’ போதாதா? அடுத்தது, ‘தூவானக் கருகல்’ என்று சுருக்கும்போது உப்பு காணாமல் போய்விடுகிறது. சொல்லை மட்டும் பார்ப்பவர் மழைத் தூவானம் பட்டுக் கருகியது என்று நினைப்பார்.

நாகையிலிருந்து.

---

ஸலாம், வணக்கம்.

நான் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியா. எங்கட பக்கம் குடாவுக்குள்ள இருக்கிற ஊர். அலை பெரிசா உடையாது, அதால நீங்க சொல்ற இலைக் கருகல் எங்களுக்குக் குறைவு. சவர்தான் எங்கட கவலை. 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைச்சா உப்புப் போயிரும் எண்டு நினைச்சு எல்லாரும் இறைச்சாங்க. கூட இறைக்க இறைக்க அடியில கிடந்த உப்புத் தண்ணி மேல வந்தது. பிறகு மழைதான் கழுவிச்சு. அதனால சவரையும் காத்து உப்பையும் ஒரே சொல்லுக்குள்ள போடக்கூடாது எண்டதுக்கு நானும் கை தூக்கிறன்.

ஆனா கருகலுக்குப் புதுச் சொல் தேவையில்ல. எங்கட உம்மா பிறந்தது நிலாவெளிப் பக்கம். தேசி (எலுமிச்சை) மரத்துல ஒரு பக்கம் காஞ்சா “உப்படிச்சிட்டு” எண்டுவா. பனி அடிக்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி, உப்பும் அடிக்கும். ‘உப்படி’ எண்டே வைக்கலாமே சேர்?

இன்னொண்டு. தூவான வேலி எண்டு எழுதினீங்க, அது மதிலா, பின்னின தென்னோலைக் கிடுகா எண்டு சொல்லல்ல. சொல்லுங்க, ஆக்கள் காசைக் கொண்டுபோய் மதிலில கொட்டுவாங்க.

---

அனைவருக்கும்,

தங்கச்சியின் ‘உப்படி’க்கு முன்னால் என் ‘தூவானக் கருகலை’ மீளப் பெற்றுக்கொள்கிறேன். நாகை ஐயா காட்டிய ஓட்டையையும் அதுவே அடைத்துவிட்டது. சொல்லுக்குள் உப்பு இருக்கிறது. வினையாகவும் வருகிறது: உப்படித்தது, உப்படித்த இலை, உப்படிக்காத செடி. பெயருக்கும் வினைக்கும் இப்படி இலகுவாக மாறும் கலைச்சொல் நம் சொற்றொகுதிகளில் அபூர்வம்.

காரணத்துக்கு ஒரு சொல்லும் விளைவுக்கு வேறொரு சொல்லும் இருப்பதில் எனக்கு இன்னொரு இலாபமும் தெரிகிறது. புரட்டாதியில் சவர்த் தண்ணீரைக் குழாயால் இலைமேல் பீய்ச்சினாலும் இதே கருகல்தான் வரும். போன வருடம் வெண்டியில் நானே செய்து பார்த்துக் கெடுத்தேன். அங்கே உப்படி உண்டு, உப்புத் தூவானம் இல்லை. மழை நாளில் உப்புத் தூவானம் உண்டு, மழை கழுவிவிடுவதால் உப்படி இல்லை. இரண்டையும் பிரித்து வைத்திருந்தால்தான் இதைப் பேச முடியும்.

ஐயாவின் முதல் தயக்கத்துக்கு: தூவானத்தில் மழை இருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் முன்னால் ‘உப்பு’ நிற்கிறது. தனியே ‘தூவானம்’ என்று சுருக்கக்கூடாது என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம். ‘சிதறல்’ அலை உடையும் இடத்தோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது காற்று கொண்டுவருகிற பகுதி. பெரிய துளிகள் கரையோரமே விழுந்துவிடும், நுண்ணியவை தூரம் போகும். அந்தப் பயணம் ‘சிதறலில்’ இல்லை. ஆனாலும் அலையடியில் நடப்பதைத் தனியே சொல்லவேண்டி வந்தால் ‘சிதறல்’ நல்ல சொல். அதை வீணாக்க வேண்டாம்.

வேலி பற்றி. கிடுகுதான், தங்கச்சி. மதில் கட்டிப் பட்டவன் நான். ஆறடி மதில் எழுப்பி அதன் நிழலில் இரண்டு பப்பாசியும் ஒரு தேசியும் வைத்தேன். மதிலில் மோதிய காற்று மேலே ஏறிச் சுழன்று மறுபக்கம் தலைகீழாக இறங்கி, கொண்டுவந்த உப்பை அங்கேயே கொட்டியது. மதிலுக்குக் கிட்ட நின்ற தேசிதான் முதலில் உப்படித்தது. காற்றை முற்றாக மறிக்காமல் பாதி புகவிடுகிற மறைப்புத்தான் நல்லது. அதன் உயரத்தைப் போல ஏறக்குறையப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் தணியும். கிடுகுக்கு அந்தக் குணம் இயல்பிலேயே உண்டு. நிலையாக வேண்டுமென்றால் கடற்பக்கம் தாழை, அடுத்து பூவரசு, அதற்குள்ளே தென்னை. தரையில் அடம்பன் தானாகவே படரும், பிடுங்காமல் விட்டால் போதும். கறிவேப்பிலை, தேசி, போஞ்சி எல்லாம் வீட்டின் மறைவுக்குப் போகட்டும்.

வரைவுக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், வெட்டலாம், திருத்தலாம்:

உப்புத் தூவானம்: உடையும் கடலலையிலிருந்து எழுந்து காற்றால் தரைக்குக் கொண்டுவரப்படும் நுண்ணிய உப்புநீர்த் துளிகள். மண்ணின் உவரையோ நீரின் சவரையோ குறிக்காது.

உப்படி: இலைமேல் படிந்த உப்பால் ஏற்படும் கருகல், உப்புத் தூவானத்தால் வந்ததாயின் பெரும்பாலும் கடலை நோக்கிய பக்கத்தில் காணப்படும்.

நாகை ஐயா, ஒரு வேண்டுகோள். உங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்களும் தோட்டம் வைத்திருக்கும் பெண்களும் இதற்கு ஏதாவது சொல் வைத்திருப்பார்கள். கேட்டு எழுதுங்கள். அது இதைவிட நல்லதாக இருந்தால் ‘உப்புத் தூவானத்தையும்’ மீளப் பெறுவேன். ‘உப்படி’யை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உப்புவெளியிலிருந்து.